பழைய டீசல் காரில் வெப்ப முள் தடுமாறினால்: சென்சாரா, தெர்மோஸ்டாட்டா, ரேடியேட்டரா, ஹெட் கேஸ்கட்டா?

என் டீசல் காருக்கு வயது பதினாறு. இரண்டு லிட்டர் எஞ்சின். ஒரு நாள் மலையிலிருந்து இறங்கி வரும்போது, எப்போதும் நடுவில் நிற்கும் வெப்ப முள் மெல்ல இறங்கி 70-ஐத் தொட்டது. சமதளத்துக்கு வந்ததும் கொஞ்சம் ஏறியது. அடுத்த வாரம் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போதும் அப்படியே. மூன்று பேரிடம் கேட்டேன். சென்சார் போயிருக்கும் என்றார் ஒருவர். தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை (கூலன்ட்டை) ரேடியேட்டருக்கு விடும் வால்வு, திறந்தபடியே மாட்டிக்கொண்டது என்றார் இன்னொருவர். சூடானால்தானே கவலை, குளிர்ந்தால் என்ன, அப்படியே ஓட்டுங்கள் என்றார் மூன்றாமவர்.

மாற்றுவதற்கு எளிது என்பதால் சென்சாரை முதலில் மாற்றினேன். முள் பழையபடிதான் இறங்கியது. அதன்பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது: எஞ்சின் உண்மையிலேயே 70 டிகிரியில் ஓடுகிறதா, அல்லது முள் மட்டும் அப்படிச் சொல்கிறதா என்று நான் பார்க்கவே இல்லை. இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எந்தப் பாகத்தை மாற்றினாலும் அது ஊகம்தான். முள் சொல்வதை இன்னொரு கருவியோடு ஒத்துப் பார்த்துவிட்டால், தலைப்பில் சொன்ன நான்கில் இரண்டு மூன்று அங்கேயே விலகிவிடும்.

எதை வைத்து அளப்பது

டேஷ்போர்டு முள்ளிலிருந்து தொடங்குவோம். அது தெர்மோமீட்டர் மாதிரி தெரிந்தாலும், பல கார்களில் உண்மையான அளவைக் காட்டுவதில்லை. கூலன்ட் 75 டிகிரியில் இருந்தாலும் 105-இல் இருந்தாலும் முள் ஒரே இடத்தில் நிற்கும்படி மீட்டரிலேயே அமைத்துவிடுகிறார்கள். ஓட்டுநர் ஒவ்வொரு ஏற்றத்திலும் பதறக்கூடாது என்பதற்காக. ஆகவே அந்த வகைக் காரில் முள் நடுவை விட்டு நகர்ந்துவிட்டது என்றால், உள்ளே வெப்பம் ஏற்கெனவே நிறைய மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் பழைய வகை மீட்டர்களில் முள் சின்ன மாற்றத்துக்கும் ஆடும். அவற்றில் சிலவற்றுக்கு ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் உண்டு. அது பழுதானால் வெப்ப முள்ளும் டீசல் முள்ளும் ஒரே நேரத்தில் அதிகமாகக் காட்டும். டேங்கில் இருப்பதைவிட அதிகமாக டீசல் காட்டுகிறது, எஞ்சினும் சூடு என்கிறது என்றால், எஞ்சினைத் தொடுவதற்கு முன் மீட்டரைப் பாருங்கள். ஹெட்லைட்டைப் போட்டதும் முள் ஒரு கோடு ஏறினால் எர்த் சரியில்லை. இதற்கெல்லாம் புதுப் பாகம் தேவையே இல்லை.

அடுத்தது ஸ்கேனர். காரில் 16 முனை சாக்கெட் இருந்து, அது ஓபிடி என்ற பழுதறியும் முறையில் பேசுமானால், கூலன்ட் வெப்பத்தை எஞ்சின் கம்ப்யூட்டர் எப்படிப் படிக்கிறதோ அப்படியே ஃபோன் திரையில் பார்க்கலாம். ஓட்டிக்கொண்டே பதிவும் செய்யலாம். அந்த வசதி வேறு எந்தக் கருவிக்கும் இல்லை. ஆனால் ஸ்கேனர் காட்டுவது சென்சார் சொன்னதைத்தான். சென்சார் பொய் சொன்னால் ஸ்கேனரும் அதையே திருப்பிச் சொல்லும்.

அங்கேதான் துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டர் உதவுகிறது. அது காரின் வயரிங், சென்சார், மீட்டர் எதையும் சாராதது. தெர்மோஸ்டாட் ஹவுசிங்குக்கு நேராகப் பிடித்தால் மேற்பரப்பின் வெப்பத்தைச் சொல்லும். ஒரே ஒரு ஏமாற்று உண்டு. பளபளப்பான அலுமினியத்தில் அது உண்மையைவிட நிறையக் குறைவாகக் காட்டும். அளக்க வேண்டிய இடத்தில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டு, அதன் மேல் அளந்தால் சரியாக வரும். ஹவுசிங்கின் வெளிப்புறம் உள்ளே ஓடும் கூலன்ட்டைவிடச் சில டிகிரி குறைவாக இருப்பது இயல்பு. பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் யோசிக்க வேண்டும்.

இந்த இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது? எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் உள்ள காருக்கு ஸ்கேனர் என்பேன், ஓடும்போது அளக்க வேறு வழி இல்லை என்பதால். இயந்திர இன்ஜெக்ஷன் பம்ப் வைத்த அதற்கும் பழைய டீசலுக்கு ஸ்கேனர் பயனில்லை, இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டர்தான். மல்டிமீட்டர் பெரும்பாலும் ஏற்கெனவே வீட்டில் இருக்கும், அதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முள் குறைவாகக் காட்டினால்: சென்சாரா, தெர்மோஸ்டாட்டா

இதில் டீசலுக்கென்று ஒரு குணம் உண்டு. பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். டீசல் எஞ்சின் ஐட்லிங்கில் மிகக் குறைந்த எரிபொருளைத்தான் எரிக்கிறது, காற்றையோ நிறைய இழுக்கிறது. அதனால் நின்ற இடத்தில் ஓடும்போது உண்டாகும் வெப்பம் சொற்பம். குளிரான நாளில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு நின்றால் நல்ல டீசலிலும் வெப்பம் சில டிகிரி இறங்கும். நீண்ட இறக்கத்தில் கியரில் வரும்போது எரிபொருளே போகாது, அப்போதும் இறங்கும். ஆகவே இறக்கத்தில் முள் இறங்கியதை மட்டும் வைத்துத் தெர்மோஸ்டாட்டைக் குற்றம் சொல்ல முடியாது. சமதளத்தில், சீரான வேகத்தில், இருபது நிமிடம் ஓட்டியும் 80-க்கு மேல் போகவில்லை என்றால்தான் அது குறை. என் காரில் நெடுஞ்சாலையில் இறங்கியதுதான் உண்மையான துப்பு. நான் மலையிறக்கத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்சாரைச் சோதிக்க மிகச் சுலபமான வழி ராத்திரி முழுக்க நின்ற கார்தான். காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரில் கூலன்ட் வெப்பம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், கிடைத்தால் எரிபொருள் வெப்பம் மூன்றையும் பாருங்கள். எல்லாமே வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். மற்ற இரண்டும் 24 காட்ட, கூலன்ட் மட்டும் 11 என்று காட்டினால் சென்சார் அல்லது அதன் வயர்தான். மைனஸ் 40 காட்டினால் வயர் அறுந்திருக்கிறது, அல்லது கப்ளர் கழன்றிருக்கிறது.

மல்டிமீட்டர் இருந்தால் சென்சாரையே அளக்கலாம். பெரும்பாலான கூலன்ட் சென்சார்கள் வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் வகை. பல கார்களில் வரும் ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓமுக்குச் சற்று மேல், 100 டிகிரியில் 200 ஓமுக்கும் கீழே. உங்கள் காருக்கான எண் வேறாக இருக்கலாம், மேனுவலில் பாருங்கள். ஆனால் சூடேறும்போது தடை வழுக்கிக்கொண்டு சீராக இறங்க வேண்டும், நடுவில் குதிக்கக்கூடாது. அது எல்லாக் காருக்கும் பொது. இன்னொன்று: சில கார்களில் முள்ளுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேறொரு சென்சார். சிலவற்றில் இரண்டும் ஒரே உடலுக்குள் நான்கு முனைகளோடு இருக்கும். முள் 70 என்கிறது, ஸ்கேனர் 88 என்கிறது என்றால் முள்ளுக்கான பாதியில்தான் பழுது. எஞ்சின் நலமாக இருக்கிறது.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கக் கையே போதும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டு ரேடியேட்டருக்குப் போகும் பெரிய ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள், ஃபேன் பக்கம் கை போகாமல். தெர்மோஸ்டாட் நன்றாக மூடியிருந்தால் ஹோஸ் வெகுநேரம் குளிர்ச்சியாகவே இருந்து, வெப்பம் 80-ஐத் தாண்டும் வேளையில் சட்டென்று சூடாகும். முதல் நிமிடத்திலிருந்தே ஹோஸ் கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானால், மூடியிருக்க வேண்டிய தெர்மோஸ்டாட் வழியாகக் கூலன்ட் கசிந்து போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் கூலன்ட் உள்ளே வரும் பக்கம், அதாவது கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அவற்றில் மேல் ஹோஸ் சீக்கிரம் சூடாவது இயல்பு. கீழ் ஹோஸைத்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் நல்ல தெர்மோஸ்டாட்டை மாற்றியவர்கள் உண்டு.

என் காரில் நெடுஞ்சாலையில் ஓட்டும்போது முள் 70, ஸ்கேனர் 68. வண்டியை ஓரம் கட்டியதும் அளந்தபோது டேப் ஒட்டிய இடம் 65. மூன்றும் ஒத்துப்போனால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. நான் தூக்கிப் போட்ட பழைய சென்சாரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்தபோது குளிர்ந்த நிலையிலேயே அதன் வால்வு ஓரத்தில் ஒரு மெல்லிய இடைவெளி. அவ்வளவுதான் வேண்டும், அத்தனை வெப்பமும் அந்த வழியாகப் போக.

சரி, குளிர்ந்து ஓடினால் என்ன கெட்டுவிடும் என்ற மூன்றாமவர் கேள்விக்கு வருகிறேன். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்து எரிபொருளைக் கூட்டுகிறது, டீசல் செலவு ஏறும். ஆயிலில் சேரும் ஈரமும் எரிபொருளும் ஆவியாகாமல் தங்கி ஆயிலைக் கெடுக்கும், சிலிண்டர் தேய்மானமும் கூடும். புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உள்ள கார்களில் இன்னும் மோசம். பல கார்களில் கூலன்ட் குறிப்பிட்ட வெப்பத்தைத் தொடாவிட்டால் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளாது. ஒரு சின்னத் தெர்மோஸ்டாட்டை விட்டுவைத்து, கடைசியில் வடிகட்டி அடைத்துக்கொண்டு நிற்பது வேண்டாத வேலை. ஸ்கேனரில் பி0128 என்ற பழுதுக் குறியீடு வந்தால், கூலன்ட் எதிர்பார்த்த வெப்பத்துக்கு வரவில்லை என்று காரே சொல்கிறது. பி0117, பி0118 வந்தால் சென்சார் சுற்றில் பழுது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முள் அதிகமாகக் காட்டினால்

இங்கே அவசரம் வேறு மாதிரி. குளிர்ச்சி மெல்லத்தான் கெடுக்கும், சூடு பத்து நிமிடத்தில் எஞ்சினையே முடித்துவிடும். பல டீசல்களில் எஞ்சினின் அடிப்பகுதியான வார்ப்பிரும்பு பிளாக்கின் மேல், மேல்பகுதியான அலுமினிய ஹெட் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை. ஒரு கடுமையான ஓவர்ஹீட்டே ஹெட்டை வளைத்துவிடப் போதும். அதனால் முள் சிவப்புக்குப் போனால் சோதனை செய்துகொண்டே ஓட்டாதீர்கள். நிறுத்துங்கள், எஞ்சினை அணையுங்கள், ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள், சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள்.

ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால், தப்பித்தோம் என்று நினைத்துவிடக்கூடாது. சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் ஒழுங்காக அளக்கும். கூலன்ட் கொட்டிப்போய் சென்சாரைச் சுற்றி வெறும் நீராவியும் காற்றும் இருந்தால் அது குறைவாகக் காட்டும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது முள் பச்சையில் இருக்கும். ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். முள் சூடு என்கிறது, ஹீட்டரில் குளிர்காற்று வருகிறது என்றால் கூலன்ட் இல்லை, அல்லது உள்ளே பெரிய ஏர்லாக், அதாவது காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது.

எந்தப் பாகம் என்று தீர்மானிக்க, எப்போது சூடாகிறது என்பதுதான் பாதி விடை. டிராஃபிக்கில் நின்றால் சூடு, ஓடத் தொடங்கினால் குறைகிறது என்றால் காற்றுதான் போதவில்லை, ஃபேனைப் பாருங்கள். எலக்ட்ரிக் ஃபேன் என்றால் பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டதும் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் போகலாம். ஏசிக்குச் சுற்றுகிறது, சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் ஃபேனுக்குச் சொல்ல வேண்டிய ஸ்விட்ச் அல்லது சென்சார். எஞ்சினோடு சுற்றும் விஸ்கஸ் ஃபேன் என்றால், சூடான எஞ்சினை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் திருப்பிப் பாருங்கள். நன்றாக இறுக்கிப் பிடிக்க வேண்டும். காற்றாடி போலத் தாராளமாகச் சுற்றினால் ஃபேனுக்குள் இருக்கும் கிளட்ச் போய்விட்டது.

மாறாக, ஊருக்குள் நன்றாக இருந்து நெடுஞ்சாலையிலோ ஏற்றத்திலோ சூடானால் ஃபேனுக்குச் சம்பந்தமில்லை. ரேடியேட்டர், வாட்டர் பம்ப், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட், இந்த மூன்றுக்குள்தான் போட்டி. இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டரை ரேடியேட்டர் முழுக்க மெல்ல நகர்த்திக்கொண்டே போனால் அடைத்த குழாய்கள் குளிர்ந்த திட்டுகளாகத் தெரியும். அதற்கு முன், ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய காரில் அந்த இடுக்கில் வருடக்கணக்கான தூசியும் பூச்சியும் கம்பளி மாதிரி படிந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவான தண்ணீரில் கழுவினாலே தீர்ந்துவிடுகிற பிரச்சினைக்கு ரேடியேட்டரையே மாற்ற வேண்டியதில்லை. வாட்டர் பம்ப்பில் வெளியே கசிவு தெரியாமலே உள்ளே பிளாஸ்டிக் சக்கரம் உடைந்தோ, தண்டில் பிடிப்பு விட்டோ இருக்கலாம். மேல் ஹோஸ் கொதிக்கக் கொதிக்க இருந்து, கீழ் ஹோஸ் ஆறிப்போய் இருந்தால் கூலன்ட் ஓடவில்லை என்று பொருள்: பம்ப், அல்லது அடைப்பு, அல்லது தெர்மோஸ்டாட். இரண்டு ஹோஸும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருந்தால் கூலன்ட் ஓடுகிறது, ஆனால் வெப்பத்தை விடவில்லை.

ரேடியேட்டர் மூடியை மறந்துவிடாதீர்கள். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 106 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். சுமார் 1 பார் அழுத்தம் பிடிக்கும் மூடி அதை இன்னும் 20 டிகிரிக்கு மேல் உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் போய்விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், கூலன்ட் பொங்கி வெளியேறும், பார்ப்பவர்கள் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்பார்கள்.

ஹெட்டைத் திறக்கச் சொன்னால்

பழைய டீசல் சூடாகிறது, கூலன்ட் குறைகிறது என்று போனால் பல பட்டறைகளில் முதலில் வரும் சொல் ஹெட் கேஸ்கட். சில நேரம் அது உண்மையும்கூட. ஆனால் திறந்து பார்ப்பதற்கு முன் இரண்டு சோதனைகளைக் கேளுங்கள். ஒன்று, குளிர்ந்த எஞ்சினில் கைப்பம்ப் வைத்துக் கூலன்ட் அமைப்புக்கு அழுத்தம் கொடுத்து நிறுத்திவைப்பது. அழுத்தம் நின்றால் வெளிக்கசிவு இல்லை. இரண்டு, எக்ஸ்பான்ஷன் டேங்கின் மேல் நீலத் திரவம் உள்ள குழாயை வைத்து, வரும் வாயுவை அதன் வழியே இழுப்பது. எரிந்த வாயு கலந்திருந்தால் நிறம் மாறும். பெட்ரோலுக்கு மஞ்சளாகும் அந்தத் திரவம் டீசலில் பெரும்பாலும் பச்சையோடு நின்றுவிடும். டீசலின் புகையில் கரியமில வாயு குறைவு, அதுவும் ஐட்லிங்கில் இன்னும் குறைவு. எஞ்சினுக்குக் கொஞ்சம் சுமை கொடுத்துச் சோதித்தால்தான் நம்பலாம். காலையில் ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்தில், கூலன்ட் சூடாவதற்கு முன்பே ஹோஸ் கல் மாதிரி இறுகினால் அதுவும் வலுவான அடையாளம்.

ஹெட் கேஸ்கட் என்று நினைக்க வைக்கும் இன்னொரு பாகம் டீசலில் இருக்கிறது: இஜிஆர் கூலர். எஞ்சினுக்குள்ளேயே திருப்பி அனுப்பப்படும் புகையைக் கூலன்ட் வைத்துக் குளிர்விக்கும் பெட்டி அது. உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் சொட்டுக்கூடத் தரையில் விழாமல் புகையோடு வெள்ளையாகப் போய்விடும். அழுத்தச் சோதனையின்போதே அதன் புகைக்குழாயைக் கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஹெட்டைக் கழற்றும் வேலையோடு ஒப்பிட்டால் அது அரை நாள் வேலை. இதைப் பார்க்காமல் ஹெட்டைத் திறக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவதா, போட்டால் எந்த எண்

சூடாகும் காருக்குத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சூடான கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பி எஞ்சினுக்குள் வரும். லேசான ஓட்டத்தில் எஞ்சின் குளிர்ந்து ஓடும், சுமையில் முன்பைவிடச் சூடாகவும் ஆகலாம். இரண்டு பக்கமும் நட்டம்.

82-க்குப் பதில் 71, 88-க்குப் பதில் 80 என்று குறைந்த எண் போடுவதும் பயனில்லை. தெர்மோஸ்டாட்டின் எண் திறக்கத் தொடங்கும் வெப்பம் மட்டும்தான். ரேடியேட்டர் அடைத்திருந்தால் எந்த எண்ணில் திறந்தாலும் கடைசியில் அதே சூட்டுக்குத்தான் வந்து நிற்கும். மேனுவலில் உள்ள எண்ணையே போடுங்கள். புதியதை மாட்டும் முன் பாத்திரத்துத் தண்ணீரில் தெர்மோமீட்டரோடு தொங்கவிட்டுச் சூடாக்கிப் பார்ப்பது என் வழக்கம். எண்ணுக்கு இரண்டு டிகிரி முன்னோ பின்னோ திறக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் முழுதாகத் திறந்தால் நல்லது. பாத்திரத்தின் அடியில் தொடவிடாதீர்கள், அங்கே சூடு அதிகம்.

மாட்டிய பிறகு ஏர் எடுப்பதில் அவசரப்படாதீர்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றை வெளியேற்றும் ப்ளீட் ஸ்க்ரூ இருந்தால் திறந்து, குமிழி நிற்கும் வரை மெல்ல ஊற்றுங்கள். புதுத் தெர்மோஸ்டாட் போட்ட பிறகுதான் சூடாகிறது என்று சொல்லப்படும் கார்களில் பல, உள்ளே காற்று தங்கிய கார்கள்தான்.

என் காரில் 88 எண் போட்டேன். அடுத்த நாள் ஸ்கேனரை மாட்டி, குளிர்ந்த எஞ்சினிலிருந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பத்தைக் குறித்துக்கொண்டேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் 85, அதன்பின் நெடுஞ்சாலையில் 87-க்கும் 91-க்கும் நடுவில். அந்தத் தாள் காரின் டேஷ் பெட்டியிலேயே இருக்கிறது. அடுத்த முறை முள் நகர்ந்தால் முதலில் எடுக்கப்போவது ஸ்பேனரை அல்ல, அந்தத் தாளை.